மூச்சுப்பொட்டின் மஞ்சள்

கி.பி. 2231, பின்மாசி 19ஆம் நாள், செவ்வாய்க் கோளின் நெடுங்குழி நகரில் பேராசிரியர் ஆத்திநாதனுக்கு ஓர் அநீதி இழைக்கப்பட்டது. பல்கலைக்கழக வேதிப்பொறியியல் ஆய்வகம் மாணவர்க்கும் பொதுமக்களுக்கும் தன் கதவுகளைத் திறந்துவிடும் வாயில் திறப்பு விழாவில், தொடக்கம் முதல் அவர் ஒருவரே நின்று விளக்கிவந்த நடுமேடை, சென்ற விழாவுக்குச் சற்று முன்பு பணியில் சேர்ந்த துணைப் பேராசிரியர் பெனடிக்டாவுக்கு ஒதுக்கப்பட்டது. ஆத்திநாதனுக்குக் கிடைத்தது தூணுக்குப் பின்னால், குடிநீர்க் குழாயை ஒட்டி, ஒரு மூலை.

பின்மாசி என்று எழுதியது பிழையன்று. செவ்வாய் ஒருமுறை கதிரவனைச் சுற்றிவர ஏறத்தாழ இரண்டு புவியாண்டுகள் ஆகும். பழைய மாதப் பெயர்களை விட்டுக்கொடுக்க மனமில்லாத முதற்குடியேறிகள், ஒவ்வொரு மாதத்தையும் முன், பின் என இரண்டாக்கி அந்த நீண்ட ஆண்டை நிரப்பிக்கொண்டார்கள். அந்நகரில் இரண்டு தையும் உண்டு, இரண்டு பொங்கலும் உண்டு.

வீட்டுச் சுவர் அந்த அறிவிப்பை வாசித்தபோது ஆத்திநாதன் காலைக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். காப்பிக்கான தண்ணீர், நான்காம் தெருவினர் முந்தைய நாள் வெளியிட்ட மூச்சிலிருந்து பிழிந்தெடுக்கப்பட்டது. நெடுங்குழி என்பது ஆதியில் எரிமலைக் குழம்பு ஓடிய ஒரு நீண்ட குகை. அதன் இரு முனைகளையும் அடைத்து மக்கள் குடியேறினார்கள். அங்கே மழை இல்லை, ஆறு இல்லை. விடுகின்ற ஒவ்வொரு மூச்சும் மூச்சாலைக்குத் திரும்பிச் செல்லும். அங்கே ஈரம் பிழியப்பட்டுக் குடிநீராகும். கரியமிலவளி பிளக்கப்பட்டு உயிர்வளியாகும். எந்தத் தெருவின் மூச்சு எந்தத் தெருவுக்குத் தண்ணீராகப் போகும் என்பதற்கு முறை உண்டு.

"நாலாம் தெரு மூச்சுன்னாலே பெருங்காய வாசனைதான். காப்பியா ரசமான்னே தெரியல," என்றார் அவர் மனைவி ஆவுடையம்மாள். பிறகு கணவரின் முகத்தைப் பார்த்து, சுவர் என்ன சொன்னதென்று கேட்டார்.

"மேடையைப் பிடுங்கிட்டாங்க."

"விடுங்க. தூண் பக்கம்னா விளக்கு கண்ணுல அடிக்காது. உங்களுக்கும் நல்லது."

ஆத்திநாதன் கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய மூக்கின் இடப்புறத்தில் ஒரு சிறு புள்ளி மஞ்சளாக மின்னி மறைந்தது. ஆவுடையம்மாள் அதைக் கவனிக்கவில்லை. காலையில் எவர் மூக்கு எந்த நிறத்தில் மின்னுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க எந்த வீட்டில் நேரம் இருக்கிறது?

அந்தப் புள்ளிக்கு மூச்சுப்பொட்டு என்று பெயர். ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றி நெடுங்குழியில் எல்லோரும் அதை மூக்கில் அணிந்திருந்தார்கள். காற்று கெட்டால் சிவப்பாக எரிந்து எச்சரிப்பதே அதன் முதல் வேலை. பின்னர், மனிதன் உணர்ச்சிவசப்படும்போது அவன் மூச்சில் சில நுண்சேர்மங்கள் மிகுகின்றன என்பது தெரியவந்ததும், பொட்டுக்கு இரண்டாம் வேலையும் வந்து சேர்ந்தது. வியப்புற்றவனின் மூக்கில் அது மஞ்சளாக ஒளிரும். ஒளியின் அளவு உடனுக்குடன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிடும்.

வியப்பை ஏன் அளக்க வேண்டும் என்று கேட்பவர்கள் நெடுங்குழியின் நிலையை உணராதவர்கள். மூச்சாலையை இயக்கத் தலைமுறைதோறும் வேதிப்பொறியாளர்கள் வேண்டும். இளைஞர்களோ நிழற்கூத்து அமைக்கவும் கனவு விற்கவும் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆய்வகத்தின் பக்கம் திருப்புவதற்காகவே வாயில் திறப்பு விழா ஏற்பட்டது. அவர்கள் திரும்பினார்களா என்பதை அறியவே மஞ்சள் ஒளி. யாருடைய விளக்கத்துக்கு மிகுதியாக மஞ்சள் எழுகிறதோ அவருக்கே நடுமேடை. தொடர்ந்து இரு விழாக்களில் வென்றால் மக்கள் தொடர்புத் தலைவர் பதவியும் அவருக்கே. சென்ற விழாவில் பக்கமேடையில் நின்ற பெனடிக்டாவிடம் தோற்ற ஆத்திநாதன், வரும் விழாவிலும் தோற்றால் அந்தப் பதவியையும் இழந்து, கழிநீர்ப் பிரிவின் கண்காணிப்புக்குப் போக வேண்டியிருக்கும். நகரத்துக்கு மூச்சென்றால் என்னவென்று கற்பித்தவன் நான் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வேறு மேடை கிடையாது.

அவருக்குச் சோறு இறங்காமற்போனதற்குக் காரணம் தோல்வி மட்டுமன்று. அவர் காட்டியதும் பெனடிக்டா காட்டியதும் ஒன்றே. செவ்வாயின் வெளிக்காற்றை ஒரு கண்ணாடிக் கலத்தில் அடைத்து, சூடேறிய வினையூக்கித் தகட்டின் வழியாக மின்சாரத்தைச் செலுத்துவார்கள். கரியமிலவளி பிளந்து உயிர்வளி பிரியும். அது மேலேயுள்ள கண்ணாடிக் கோளத்துக்குள் ஏறும்போது, அங்கே கனன்றுகொண்டிருக்கும் பஞ்சுத்திரி குப்பென்று பற்றிக்கொண்டு எரியும். நெடுங்குழியில் தீ மூட்டுவது கடுங்குற்றம். மூடிய குகையில் ஒரு சுடர் தின்பது ஊர் முழுவதும் இழுக்க வேண்டிய மூச்சை. ஆகவே அந்நகரத்துக் குழந்தைகள் தீயென்று ஒன்றைப் பார்ப்பது வாயில் திறப்பு விழாவன்று மட்டும்தான்.

அதே கலம், அதே தகடு, அதே தீ. ஆத்திநாதன் சமன்பாட்டைப் படிப்படியாக விளக்கி, ஒரு நிலையையும் விடாது கடந்து, இறுதியில் தாமே வால்வைத் திறந்து சுடரை எழுப்புவார். அவையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் மினுக்கும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆவுடையம்மாளின் மூச்சுப்பொட்டோ கறுத்தே கிடக்கும். பெனடிக்டா இரண்டு சொற்றொடர் பேசி முடிப்பதற்குள் அவை முழுவதும் மஞ்சளாகிவிடுகிறது. போதாக்குறைக்கு அவர் கரியமிலவளியைக் 'கெட்ட காற்று' என்கிறார். பயிர்களெல்லாம் தின்று வளரும் ஒன்றை எவ்வாறு கெட்டது என்று சொல்லலாம்? இக்குற்றத்தைத் துணைவேந்தரிடம் ஆத்திநாதன் இருமுறை முறையிட்டும் அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

விழாவுக்கு முந்தைய வாரம் ஆய்வகத்தின் நடைவழியில் பெனடிக்டா அவரை நிறுத்தினார். நடுமேடையில் தமக்கு அருகில் அவரும் நிற்க வேண்டும் என்றும், சமன்பாட்டை அவர் சொல்லித் தாம் தீயைக் காட்டினால் நன்றாயிருக்கும் என்றும் கேட்டுக்கொண்டார். குரலில் ஒரு துளி நடிப்பும் இல்லை. அதுதான் ஆத்திநாதனைச் சுட்டது. சூழ்ச்சிக்காரி என்றால் வெறுத்துவிட்டுப் போகலாம்.

"எனக்குத் தூண் காத்துக்கிட்டு இருக்கும்மா," என்றார் அவர்.

"சார், நீங்க சொல்லிக்குடுத்துதான் நாங்கெல்லாம் இங்க நிக்கிறோம்."

"அதான் நல்லாத் தெரியுதே. நான் மூலையில நிக்கிறேன், நீங்க நடுவுல நிக்கிறீங்க."

பெனடிக்டாவின் முகம் சுருங்கியது. மன்னிப்புக் கேட்கலாமா என்று ஆத்திநாதனுக்கு ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணத்தை அவர் கடந்து நடந்துவிட்டார்.

விழா நாளும் வந்தது. தூணுக்குப் பின்னால் ஆத்திநாதனின் கலம் மெருகோடு நின்றது. அவரிடம் வந்தவர்கள் அனைவரும் குழாயைத் தேடி வந்தவர்கள். குடிக்கும்வரை மரியாதைக்காக நின்றார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் கலத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். ஆத்திநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கும் வேளையில், "இதுல வெந்நீர் வருமாங்க?" என்று கேட்டார்.

அதற்குமேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. கலத்தை அணைத்துவிட்டு நடுமேடை அரங்கத்துக்குள் நுழைந்து பின்வரிசையை ஒட்டி நின்றார். பெனடிக்டா செய்யும் மாயம்தான் என்ன என்பதை அவர் தம் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும்.

பெனடிக்டா சுருக்கமாகவே பேசினார். பிறகு கலத்தின் பக்கத்தில் வந்து நின்று, சென்ற விழாவில் செய்ததுபோலவே, இன்று தீயை எழுப்பப்போவது தாம் அல்ல என்றும், இங்கிருக்கும் பிள்ளைகளில் ஒருவர் வந்து வால்வைத் திறக்க வேண்டும் என்றும் சொன்னார். அரங்கம் கொந்தளித்தது. பெற்றோர் தத்தம் பிள்ளைகளை இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்கள். கையைத் தூக்கு, நிமிர்ந்து நில், சிரி என்ற கட்டளைகள் வரிசைதோறும் எழுந்தன. பெனடிக்டா கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினார். குழாய் பொருத்துநர் யோவானின் மகள் யாழ்மொழி மேடையேறினாள்.

ஆத்திநாதனுக்கு முன்னால் இருந்த ஒரு பெண் தன் கணவரிடம் திரும்பினாள். "அந்தப் பிள்ளைக்கு மட்டும் எப்பவும் அமைஞ்சுடும். மீன்குளம் திறந்தப்பவும் அவதான் ரிப்பன் வெட்டினா."

"நம்ம பையன் கையைத் தூக்கினாத்தானே?" என்றார் கணவர்.

"நீங்க தூக்கியிருக்கலாமில்ல?"

அவளுடைய மூக்கில் மஞ்சள் பளிச்சென்று எரிந்தது. அவர் மூக்கிலும் எரிந்தது. ஆத்திநாதன் தலையை நிமிர்த்தி அரங்கத்தைப் பார்த்தார். எங்கும் மஞ்சள். யாழ்மொழி இன்னும் வால்வில் கை வைக்கவேயில்லை. திரி இன்னும் வெறுமனே கனன்றுகொண்டிருந்தது. வியப்பதற்கு உரியது எதுவும் நிகழுமுன்பே எல்லோரும் வியந்து முடித்திருந்தார்கள்.

பிறகு சிறுமி வால்வைத் திருகினாள். சுடர் எழுந்தது. கண்ணாடிக் கோளத்துக்குள் அது நெளிந்து, நீண்டு, நீலமும் பொன்னுமாக நின்றது. யாழ்மொழி வாயைத் திறந்தபடி இமைக்கவும் மறந்து அதைப் பார்த்தாள். அவளுடைய மூச்சுப்பொட்டு மட்டும் ஒளியின்றி இருந்தது.

ஆத்திநாதன் வேதியியலாளர். ஒரு வினை எப்போது தொடங்கிற்று, எதனால் தொடங்கிற்று என்று கேட்பது அவருடைய தொழில். அந்த ஒரு கணத்தில் அவர் விடையைக் கண்டுகொண்டார். ஆயினும் அது முழுமையாக மனத்தில் படிவதற்குள் துணைவேந்தர் தாவூத் கனி மேடைக்கு வந்து ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார்.

இன்றைய விழாவின் மஞ்சள் அளவு இதுவரை நகரம் கண்டிராதது என்று துணைவேந்தர் மகிழ்ந்தார். அதனினும் வியப்பானது, அவையில் இருப்பவர்களிலேயே மிகமிகக் கூடுதலாக ஒளிர்ந்த பொட்டு யாருடையது என்பது. அவர் சற்று நிறுத்தி, புன்னகையோடு பின்வரிசையைச் சுட்டினார்.

"நம்ம ஆத்திநாதன் ஐயாவுடையது. இளையவங்க திறமையைப் பார்த்து இப்படி மனசார வியக்கிற பெருந்தன்மை எத்தனை பேருக்கு வரும்? ஐயா, மேடைக்கு வரணும்."

எல்லோரும் திரும்பினார்கள். அவருடைய மூக்கு ஒரு தெருவிளக்கைப் போல எரிந்துகொண்டிருந்தது. கைதட்டல் நிற்காமல் தொடர, அவர் நடந்து மேடையேறினார். பெனடிக்டா கண்கலங்க அவருடைய கைகளைப் பற்றிக்கொண்டார். நீங்கள் என்மேல் கோபமாக இருக்கிறீர்கள் என்று எண்ணிவிட்டேனே என்று அவர் தழுதழுத்தது ஒலிவாங்கியிலும் கேட்டது.

ஆத்திநாதனுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. பேசாமல் இருந்தால் பெருந்தன்மையாளர் என்ற பெயரோடு கழிநீர்ப் பிரிவுக்குப் போகலாம். உண்மையைச் சொன்னால் அந்தப் பெயர் போகும். ஆனால் பெனடிக்டாவின் வெற்றியும் அதனோடு போகும். அவர் இரண்டாவதைத் தேர்ந்தது வாய்மையின்மேல் கொண்ட பற்றினால் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எழுதினால் அது பொய்யாகும்.

"இது வியப்பு இல்லை. பொறாமை," என்றார்.

மஞ்சள் ஒளிக்கு அளவு வகுத்தவர் தாமே என்பதை அவர் நினைவுபடுத்தினார். முதல் விழாவில் தம்மை மக்கள் தொடர்புத் தலைவராக அறிவித்தபோது, முன்வரிசையில் இருந்த உடன்பணியாளர்களின் மூச்சை எடுத்துச் சோதித்ததாகவும், அதில் ஒரு சேர்மம் திடீரென மிகுந்திருந்ததாகவும் சொன்னார். அவர்கள் தம் விளக்கத்தைக் கேட்டு வியந்துவிட்டார்கள் என்று தாம் நம்பியதாகவும், அந்தச் சேர்மத்துக்கே வியப்பு என்று பெயரிட்டுப் பொட்டில் மஞ்சளாகப் பதித்துவிட்டதாகவும் சொன்னார். பதவி கிடைத்த மனிதனைப் பார்க்கும் உடன்பணியாளர்களின் மூச்சில் என்ன மிகுந்திருக்கும் என்பது இன்றைக்கு, தம் சொந்த மூக்கைக் கொண்டு, தமக்குத் தெரிந்துவிட்டது.

அவையில் ஒருவர் மூக்கை ஒருவர் பார்த்துக்கொண்டனர். சிலர் மூக்கைக் கையால் மறைத்தனர். மீன்குளத்தைப் பற்றிப் பேசிய பெண் எழுந்து நின்று, யோவான் குடும்பம் தங்களுக்கு உறவுபோல என்றும், தனக்கு எதற்குப் பொறாமை என்றும் கேட்டாள். கேட்கும்போதே அவளுடைய மூக்கு எரிந்தது.

பெனடிக்டா ஆத்திநாதனின் கையை விடவில்லை. ஒலிவாங்கியைத் தள்ளிவைத்துவிட்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"அப்போ அந்தத் தீயை யாருமே பார்க்கலையா சார்?"

அவர் எதிர்பார்த்திருந்தது கோபத்தை.

பல்கலைக்கழகப் பேரவை கூடியது. பொட்டிலிருந்து மஞ்சளை நீக்கிவிடுவார்கள், வெற்றி தோல்விகள் செல்லாதவை ஆகிவிடும், பழையபடி நடுமேடை தமக்கே வந்து சேரும் என்று ஆத்திநாதன் காத்திருந்தார். பேரவையினர் வேறொரு கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். சென்ற விழாவுக்குப்பின் வேதிப்பொறியியலில் சேர வந்தவர்களுக்கு வகுப்பில் இருக்கை போதவில்லை. அவர்களுள் பெரும்பாலோர், அன்று மேடையேறிய பிள்ளையின் தெருவைச் சேர்ந்தவர்கள். அந்த வீட்டுப் பிள்ளை பொறியாளராகும் என்றால் நம் வீட்டுப் பிள்ளை ஆகக் கூடாதா என்று பெற்றோரே கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். வியப்பினால் வந்து சேர்ந்தவர் யார் என்று தேடினார்கள், ஒருவரும் அகப்படவில்லை.

ஆகவே மஞ்சள் அப்படியே இருக்கட்டும் என்று பேரவை முடிவுசெய்தது. நகரத்துக்கு வேண்டியவர்கள் பொறியாளர்கள். அவர்கள் எந்த உணர்ச்சியால் வந்தார்கள் என்று மூச்சாலை கேட்பதில்லை என்றார் துணைவேந்தர். பெயரை மட்டும் மாற்றினார்கள். வியப்பு என்றிருந்தது ஊக்கம் என்றானது. நகரத்தில் எவரும் இதனை மறுக்கவில்லை. பொட்டின் அளவைப் பொதுவெளியில் காட்ட வேண்டும் என்று பெற்றோர் சங்கமே கேட்டு வாங்கியது. தம் பிள்ளை மேடையேறினால் எத்தனை மூக்குகள் எரிகின்றன என்பதைப் பார்த்து மகிழாமல் எப்படி இருப்பது?

மறுத்தவர் பெனடிக்டா ஒருவரே. இனி எந்தப் பிள்ளையையும் தனியே அழைக்க மாட்டேன், எல்லோருக்கும் பொதுவாகவே தீயைக் காட்டுவேன் என்றார். ஒத்திகையில் அவ்வாறே காட்டினார். அரங்கம் இருண்டே கிடந்தது. பேரவை அவரை வருத்தத்தோடு கழிநீர்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டு, ஆத்திநாதனை அழைத்தது. நடுமேடை, தலைவர் பதவி இரண்டும் அவருக்கே. ஒரு பிள்ளையை மட்டும் மேடைக்கு அழைக்க வேண்டும் என்பதே கட்டளை.

ஆவுடையம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பொண்ணு மூலைக்குப் போனதுக்கு உங்களுக்கு வருத்தம் இல்லையா?"

"அது பேரவை முடிவு," என்றார் ஆத்திநாதன், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே.

அடுத்த விழாவில் அவர் நடுமேடையில் நின்றார். சமன்பாட்டைச் சொல்லத் தொடங்கியதும் பிள்ளையைக் கூப்பிடுங்கள் என்று குரல்கள் எழுந்தன. கூப்பிட்டார். அரங்கம் பொன்மழை பெய்தது போலாயிற்று. அவர் விரும்பியதெல்லாம் கைக்கு வந்திருந்தது. அவருக்கு எதிரே போட்டியாளர் எவரும் இல்லை.

சுடர் எழுந்தபோது அவர் அவையை நோக்கினார். எல்லோரும் மேடையேறிய பிள்ளையையும் அதன் பெற்றோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவருகே, கழிநீர்ப் பிரிவின் பழுப்புச் சீருடையில், வேலைக்கு நடுவே வந்து நின்ற பெனடிக்டா தீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ முறை தம் கையால் எழுப்பிய அதே தீயை, இப்போதுதான் முதன்முதலில் காண்பவரைப் போல. அவர் முகத்தில் பறிகொடுத்தவரின் சாயலே இல்லை. அவர் மேடையைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

ஆத்திநாதனால் அந்த முகத்தைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மூக்கின் இடப்புறம் சூடேறுவதை உணர்ந்தார். முன்வரிசையில் இருந்த துணைவேந்தர் அதைச் சுட்டிக்காட்டி, பேராசிரியரின் ஊக்கத்தைப் பாருங்கள் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் பெருமையோடு சொன்னார். மீண்டும் கைதட்டினார்கள்.

வாசகரே, இது எங்கோ செவ்வாயில், இன்னும் பிறக்காதவர்களுக்கு நிகழ்ந்தது என்று எண்ணிப் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். உங்கள் மூக்கில் விளக்கில்லை என்பதைத் தவிர வேறுபாடு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. பொதுத்தேர்வு முடிவு வெளிவந்த அன்று, உங்கள் பிள்ளை தன் மதிப்பெண்ணைச் சொன்னதும், கற்றது என்ன என்று கேட்காமல், இன்னொரு பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்டீர்களே, அந்தப் பிள்ளை யார்? பெயரைச் சொல்லுங்கள்.